நிலைக்கு மேலிருந்த பூவேலை

அத்தியாயம் 14

ஆணி மூன்றாவது தடவையும் சுவருக்குள் பொசுக்கென்று போய், பிடியில்லாமல் ஆடியது. ரோவில் என்ற இந்தப் புறநகரில் வீடுகள் வெளியில் பார்த்தால் செங்கல், உள்ளே தட்டினால் அட்டை. படம் மாட்டுவதென்றால் அட்டைக்குப் பின்னால் மரச்சட்டம் எங்கே ஓடுகிறதென்று தட்டித் தட்டிக் கண்டுபிடிக்கவேண்டும். முப்பத்தாறு வருடம் மெல்பேர்னில் இருந்தும் ஜெயசிங்கத்துக்கு அந்தப் பொறுமை மட்டும் வரவில்லை.

"இஞ்சேரும் மலர், வந்து இந்தப் பக்கத்தைப் பிடியும்!"

ஞானமலர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சோபாவில் சாய்த்து வைத்திருந்த படத்தை மண்ணிறத் தாள் இன்னும் மூடியிருந்தது. நேற்று மாலைதான் கடையிலிருந்து வந்தது. அகலம் மட்டுமே ஒரு மீற்றர்.

போன கிழமை படித்தவர்களுக்கு இந்தப் படத்தின் பின்கதை தெரியும். படிக்காதவர்களுக்காக நாலு வரி. இவர்களின் ஒரே மகள் றொஷானி, எலியாஸ் என்ற பலஸ்தீனப் பையனை விரும்புகிறாள். கிறிஸ்தவக் குடும்பம், பூர்வீகம் யாஃபா துறைமுகம். "அரபிக்காரனோ?" என்று முதலில் முகம் சுளித்த ஞானமலர், யோனா கப்பலேறிய யாப்பா இதுதான் என்று கோவிலில் ஃபாதர் சொன்ன பிறகு அடங்கிவிட்டாள். பைபிளில் இருக்கிற ஊர்க்காரனை வேண்டாமென்று எப்படிச் சொல்வது?

அடங்காதவர் ஜெயசிங்கம்தான். மூன்று கிழமைக்கு முன்னால் சிட்னிக்குப் போய், ஸ்ட்ராத்ஃபீல்டில் எலியாஸின் பெரியப்பா நபீலின் வீட்டில் சாப்பிட்டார்கள். அந்த வீட்டுச் சுவர் முழுக்க யாஃபா. கடலைப் பார்த்த கல் வீடு, தோடம்பழத் தோட்டம், பாறைக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்கள். நபீல் ஒன்றரை மணித்தியாலம் ஊரைப் பற்றிப் பேசினார். திரும்பி வரும் வழியில் ஓல்பரி தாண்டும்வரை வாய் திறக்காத ஜெயசிங்கம், தாண்டியதும் வெடித்தார்.

"அவைக்கு மட்டும்தான் ஊரோ? எங்களுக்கு மன்னார் இல்லையோ? வீடு இல்லையோ?"

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மன்னாரில் இருக்கும் தம்பி அருந்தவனுக்கு ஃபோன் போட்டார். வீட்டை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. அதற்கு முன்னால் வாசல் கதவிலும் நிலையிலும் அடித்திருக்கிற நீலப் பெயின்றையெல்லாம் சுரண்டு. பழைய மரம் தெரியவேண்டும்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது இங்கேதான் ஆரம்பம்.

ஜெயசிங்கம் தாளைக் கிழித்தார். ஓட்டுக்கூரை, இரண்டு தூண் வைத்த விறாந்தை, இரட்டைக் கதவு. கதவுக்கு மேலே, நிலையின் நெற்றிக் கட்டையில், மரத்தைச் செதுக்கி எழுதிய வளைவு வளைவான ஒரு வரி. அதற்குக் கீழே சின்னதாக இன்னொன்று.

"பாத்தீரே? அருந்தவன் சுரண்டச் சுரண்ட உந்தப் பூவேலை வந்ததாம். ஆரோ மரத்தூள் மக்கு வைச்சு அடைச்சு, மேலால பெயின்ற் அடிச்சிருக்கினம். என்ன கைவேலை! இவ்வளவு நாளும் மறைச்சு வைச்சிருந்திருக்கிறம், விசரர்."

பூவேலையாம்.

அந்த வரியை ஞானமலர் பதினாறு வயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். முக்காலியின் மேல் அவள் நிற்க, முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பௌசியா. அந்த வீட்டுப் பிள்ளை.

"என்னடி எழுதியிருக்கு?"

"இது என்ட ரப்புடைய, அல்லாஹ்ட அருளால கெடச்சது எண்டு. எங்கட வாப்பாட வாப்பா செதுக்கினது."

மக்கு வைத்து அடைத்தவர் ஞானமலரின் மாமனார். அது அவளுக்குத் தெரியும். ஜெயசிங்கத்துக்குத் தெரியாது, அவர் எண்பத்தொன்பதிலேயே வெளிக்கிட்டு இங்கே வந்துவிட்டார். வீடு எப்படி வந்தது என்பது மட்டும் அவருக்கும் அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறையை முழுசாக்க அவர் ஒரு நாளும் முயன்றதில்லை.

"அதை மாட்டாதேங்கோப்பா."

"ஏன்?"

சொல்லவேண்டிய பதில் தொண்டைவரை வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"கண்ணூறு படும்."

ஜெயசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போற மனுசி கதைக்கிற கதையே இது! பிடியும், பிடியும்."

அவள் பிடித்தாள். நாலாவது ஆணி சட்டத்தில் இறங்கியது.

* * *

குசினியில் வட்டிலப்பம் அவிந்துகொண்டிருந்தது, முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்கிற தேங்காய்ப்பால் இனிப்பு. ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் சேர்ந்த வாசனை. ரோவில் முழுக்கப் பேர்போன வட்டிலப்பம். பிறந்தநாள், பிள்ளைகளின் முதல் நன்மைப் பூசை, யார் வீட்டு விசேஷமென்றாலும் "ஞானமலர் அன்ரி செய்யட்டும்" என்பார்கள். யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டால், "ஊரில ஒரு சிநேகிதியின்ர அம்மா" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்காதவரை அது பொய்யுமில்லை.

ஏப்ரன் பைக்குள் கைபேசி கிடந்தது. அதற்குள் ஒரு செய்தி எட்டு மாதமாகக் கிடந்தது. கிழமைக்கு ஒரு தடவையாவது திறந்து படித்துவிட்டு மூடிவிடுவாள். மனப்பாடம்.

"மலர், நான் பௌசியா. புத்தளத்தில இரிக்கேன். எங்கட வீட்டு நிலையில வாப்பாட வாப்பா எழுதினது இன்னும் இரிக்கா? உம்மா மௌத்தாகுறதுக்கு முந்தி அதைத்தான் கேட்டா. மலரிட்டக் கேளு, அவ சொல்லுவா எண்டா."

இவ்வளவுதான். வீட்டைத் தா என்று கேட்கவில்லை. ஏன் எடுத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு வரி இருக்கிறதா என்று மட்டும். இல்லையென்று எழுதினால் பொய். இருக்கிறது என்று எழுதினால் அடுத்த கேள்வி வரும். அதனால் ஒன்றும் எழுதாமல் எட்டு மாதத்தை ஓட்டிவிட்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி. முஸ்லிம் சனம் எல்லாரும் மன்னார்த் தீவை விட்டுப் போகவேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்த இயக்கம் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னது. உடுப்புப் பையோடு சனம் கடற்கரைக்கு நடந்தது. மழை. பௌசியாவின் உம்மா வேலியோரம் வந்து, "மலரு! மலரு!" என்று கூப்பிட்டார்.

ஞானமலரின் தகப்பன், "வெளியில போகாதை" என்றார். அவள் போகவில்லை. ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றாள். மூன்று தடவை கூப்பிட்டார். என்ன சொல்ல வந்தாரோ, பிறகு போய்விட்டார். சீலைக்குப் பின்னால் நின்றவளை ஒருவரும் காணவில்லை. அந்த ஒன்றை நினைத்துத்தான் முப்பத்தைந்து வருடம் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வருடம் பேசாலையிலிருந்து வந்த ஒரு குடும்பம் அந்த வீட்டில் குடியேறியது. "ஆளில்லாத வீடு பாழாப் போகும்" என்றார்கள். பிறகு எங்கேயோ வீட்டுக்கு ஓர் உறுதிப் பத்திரமும் எழுதப்பட்டது. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் அவுஸ்திரேலியாவில் என்று சம்பந்தம் பேசி வந்தார்கள். தொண்ணூற்றாறில் ஞானமலர் அந்த வாசலில் வலது காலை எடுத்து வைத்து மணப்பெண்ணாக உள்ளே போனாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நிலைக்கு மேலே திரு இருதய ஆண்டவர் படம் தொங்கியது.

சண்டை முடிந்த பிறகு ஒரு தடவை பௌசியாவின் தம்பி வந்து வாசலில் நின்றானாம். மாமனார் கதிரை போட்டு, ரீ கொடுத்து, "உறுதி இருக்குத் தம்பி" என்று அனுப்பிவிட்டாராம். ஃபோனில் இதைச் சொல்லும்போது, "மரியாதையான பொடியன்" என்று மெச்சியும் இருந்தார்.

"அம்மா, ஆர் யூ ஓகே?"

றொஷானி வாசலில் நின்றாள். கரும்பச்சைப் பட்டு, நெற்றியில் சின்னப் பொட்டு. கையில் பித்தளைக் கோப்பிச் சட்டி. எலியாஸின் அம்மா தந்தது.

"ஓம், ஓம். வெக்கை."

"லிசன், அம்மா. கோப்பியை வைச்ச உடனே அவை குடிக்காயினம். கோவிக்கக் கூடாது. அது அவையின்ர முறை. பெரியவர் பொம்பிளை கேப்பார். அப்பா ஓமெண்டு சொன்ன பிறகுதான் குடிப்பினம். ஓமெண்டு சொல்லாட்டி, குடிக்காமல் எழும்பிப் போயிடுவினம்."

"ஆறிப் போயிடாதே, பிள்ளை?"

"அதுக்குத்தான் அப்பாட்டச் சொல்லியிருக்கிறன், லெக்சர் அடிக்காமல் கெதியாச் சொல்லுங்கோ எண்டு."

மகள் சிரித்தாள். இதுதான் நேரம், சொல்லிவிடு என்று மனம் உந்தியது. ஞானமலர் வட்டிலப்பத்துக்கு ஈர்க்குக் குத்திப் பார்த்தாள். வெந்துவிட்டது. நேரமும் போய்விட்டது.

* * *

மூன்று மணிக்கு இரண்டு காரில் வந்தார்கள். நபீல், எலியாஸ், எலியாஸின் அம்மா சல்வா, கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று கூட்டிக்கொண்டு வந்த இரண்டு மச்சான்மார். எலியாஸின் தகப்பன் உயிரோடு இல்லை, அதனால் நபீல்தான் தலை. எழுபது வயது, இறுக்கிக் கட்டிய கழுத்துப்பட்டி, கையில் வெள்ளை லில்லிப் பூச்செண்டு.

றொஷானி கோப்பியை ஊற்றி, கைபிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் கொண்டுவந்து வைத்தாள். ஏலக்காய் வாசனை எழுந்தது. நபீல் தன் கிண்ணத்தை மேசையின் விளிம்புக்கு நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் அப்படியே நகர்த்தி வைத்தார்கள்.

ஆங்கிலத்தில்தான் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொன்னார்.

"எங்கள் யாஃபாவில் பாறை அதிகம். பெரிய கப்பல் கரைக்கு வராது. வெளியே நிற்கும். அதில் வரும் மனிதரையும் பொருளையும் கரைசேர்க்கத் தோணிகள் வைத்திருந்தவர் என் தாத்தா. அவர் கையைப் பிடிக்காமல் ஒருவரும் அந்த ஊர் மண்ணை மிதித்ததில்லை என்று சொல்லுவார்கள். நாற்பத்தெட்டில் எங்கள் சனத்தை விரட்டியபோது அதே தோணியில்தான் அவரும் புறப்பட்டார். அந்தக் குடும்பத்தின் பிள்ளைக்கு உங்கள் மகளைக் கேட்டு வந்திருக்கிறோம். நீங்கள் சம்மதம் சொன்னால் இந்தக் கோப்பியைக் குடிப்போம்."

ஜெயசிங்கம் ஓமென்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் கோப்பி குடித்து, வட்டிலப்பம் சாப்பிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் இந்தக் கிழமை எழுத ஒன்றுமில்லாமல் பத்திரிகை ஆசிரியரிடம் வாங்கிக் கட்டியிருப்பேன். ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஜெயசிங்கம் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு சுவரில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நாங்களும் துறைமுகத்து ஆட்கள். மன்னார். முத்துக்குளிப்புக்கு உலகமெல்லாம் பேர்போன இடம். இது எங்கள் வீடு. நூறு வருடத்துக்கு மேல். என் தாத்தா கட்டினது."

ஞானமலர் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடமும் 'அப்பா வாங்கினது' என்றிருந்த வீடு, யாஃபாவோடு போட்டி என்று வந்ததும் ஒரே எட்டில் 'தாத்தா கட்டினது' ஆகிவிட்டது.

"இந்த வேலைப்பாட்டைப் பாருங்கள்" என்றார் ஜெயசிங்கம். "கதவுக்கு மேலே. எல்லாம் கையால் செதுக்கினது."

சல்வா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எழுந்து படத்துக்குக் கிட்ட வந்தாள். உதடுகள் அசைந்தன. முகம் மலர்ந்தது.

"ஹாதா மின் ஃபள்லி ரப்பீ" என்று வாய்விட்டுப் படித்தாள். "நபீல், இங்கே வாருங்கள்! எங்கள் தெருவில் முஸ்லிம் வீட்டு வாசல்களில் இதுதான் எழுதியிருக்கும் என்று அம்மா சொல்லுவாளே. அதே வரி. கீழே பெயரும் இருக்கிறது. அப்துல் காதர்... மர... மரக்கார். ஹிஜ்ரி ஆண்டு ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தொன்று."

நபீல் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "இங்கிலீஷ் ஆண்டு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வரும்." பிறகு ஜெயசிங்கத்தின் பக்கம் திரும்பி, உண்மையான சந்தோஷத்தோடு கேட்டார். "உங்கள் தாத்தா முஸ்லிமா? நீங்கள் சொல்லவேயில்லையே!"

ஜெயசிங்கம் படத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அதைப் பூவேலை என்றில்லாமல் எழுத்தென்று பார்த்தார். காது மடல் சிவந்தது.

"அது... ஆசாரியின் பெயர். செதுக்கின ஆசாரி முஸ்லிம்."

"ஆசாரியா" என்றார் நபீல்.

அவ்வளவுதான் சொன்னார். படத்தைத் திரும்பப் பார்த்தார். எந்த ஊரில் ஆசாரி தன் பெயரை வீட்டுக்காரன் வாசலில் எழுதுவான் என்று கேட்கவில்லை. வந்த இடத்தில் கேட்கக்கூடாத கேள்வி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அடியில் இருந்த சந்தோஷம்தான் போயிருந்தது.

அந்த முகத்தை ஞானமலர் சிட்னியில் பார்த்திருக்கிறாள். தொண்ணூற்றெட்டில் யாஃபாவுக்குப் போன கதையை நபீல் சொன்னபோது. அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட்டோடு போய், தாத்தா வீட்டுக் கதவைத் தட்டினாராம். வயதான ஒரு பெண் திறந்தாளாம். உட்காரச் சொல்லி, கோப்பி கொடுத்து, "இது பழைய அரபு வீடு, இந்தத் தரையோட்டைப் பாருங்கள், வளைவைப் பாருங்கள்" என்று அவருக்கே அவருடைய வீட்டைச் சுற்றிக் காட்டினாளாம். "அவள் கெட்டவளில்லை. நல்ல மரியாதை. அதனால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு வந்தேன். அந்தக் கோப்பியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது" என்றார்.

அன்றைக்கு மேசையில் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஞானமலரும் கொட்டினாள். உச்சுக் கொட்டிய அதே வாயால் இப்போது சும்மா இருக்கிறாள். மாமனார் போட்ட கதிரையும் கொடுத்த ரீயும் ஞாபகம் வந்தது. வெட்கம் காலிலிருந்து ஏறி முகத்துக்கு வந்தது. இனி எங்கே ஒளிப்பது?

"அது எங்கட வீடு இல்லை" என்றாள்.

தமிழில்தான் வந்தது. எழுந்து நின்று ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள்.

"மலர்! என்ன கதைக்கிறீர்? உள்ளுக்குப் போம்!"

"போகமாட்டன். அண்டைக்கும் உள்ளுக்குத்தான் நிண்டனான்."

அவளுடைய ஆங்கிலம் வயோதிபர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்து பழகிய ஆங்கிலம். மருந்து, சாப்பாடு, நித்திரை பற்றிப் பேசப் போதும். இதற்குப் போதவில்லை. ஆனாலும் சொன்னாள். அந்த ஐப்பசியைச் சொன்னாள். ஒலிபெருக்கி, மழை, வேலியில் நின்ற உம்மா. மக்கு வைத்து அடைத்தது, மேலே படம் தொங்கவிட்டது. தான் அந்த வாசலால் மணப்பெண்ணாகப் போனது.

"இந்தா இருக்கிற வட்டிலப்பம்கூட அந்த உம்மா காட்டித் தந்தது" என்று முடித்தாள். சல்வா மேசையிலிருந்த தட்டைப் பார்த்தாள்.

ஜெயசிங்கம் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். "நாங்கள் ஒருத்தரையும் கலைக்கேல்லை. ஒருத்தருக்கும் அடிக்கேல்லை. சும்மா கிடந்த வீடு" என்று தமிழில் தரையைப் பார்த்துச் சொன்னார். யாரிடம் சொன்னாரென்று அவருக்கே தெரியவில்லை.

"அது தாத்தான்ர வீடு" என்றாள் றொஷானி. குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "கிரேட் த்ரீயில 'மை ஹெரிற்றேஜ்' எண்டு அந்த வீட்டைத்தானே கீறினனான். நீங்கள் கலர் அடிக்க ஹெல்ப் பண்ணினீங்கள், அம்மா."

றொஷானி தாயின் பக்கம் இன்னும் ஓர் எட்டு வைத்தாள்.

"ஞாயிறு ஞாயிறா நான் எலியாஸோட சிற்றிக்குப் பலஸ்தீன ஊர்வலம் போறன். வீடு பறிச்சவையைப் பற்றிக் கத்துறன். நீங்கள் எனக்கு சான்ட்விச் கட்டித் தாறனீங்கள். அப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

எலியாஸ் எழுந்து றொஷானியின் பக்கத்தில் போய் நின்றான். அவள் கையைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் மட்டும் நின்றான். மச்சான்மார் இருவரும் நபீலின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் எழும்பினால் எழும்ப வேண்டும். கிண்ணங்களில் கோப்பியின் மேல் மெல்லிய ஆடை படர்ந்திருந்தது.

நபீல் எழும்பவில்லை. சிரிப்பு இப்போது முழுதாகப் போய்விட்டது.

"அந்தக் குடும்பத்தில் யாராவது இருக்கிறார்களா?"

"இருக்கிறா" என்றாள் ஞானமலர். "எட்டு மாதமாக என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறா."

ஏப்ரனை எப்போதோ கழற்றியிருந்தாள். கைபேசி மட்டும் கையோடு இருந்தது. திறந்து மகளிடம் நீட்டினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் அழுது அழுது படித்த தமிழ். றொஷானி எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒவ்வொரு வசனமாக நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். 'மௌத்து' என்ற சொல்லுக்கு அவள் திணறியபோது சல்வாவே, "மரணம்" என்று எடுத்துக் கொடுத்தாள். அந்த அரபுச் சொல் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வாசித்து முடிந்ததும் சல்வா கண்ணாடியைக் கழற்றினாள்.

"வீட்டைக் கேட்கவில்லை" என்றாள் நபீலிடம். "வரியைத்தான் கேட்கிறாள்."

நபீல் ஞானமலரைப் பார்த்தார். அவள் கைபேசியை மகளிடமிருந்து வாங்கினாள். சுவருக்கு முன்னால் போய் நின்று, அந்த நிலையை, அந்த வரியை, கீழே இருந்த பெயரைப் படம் எடுத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது சரியாக வந்தது.

"அனுப்பாதையும், மலர்." ஜெயசிங்கத்தின் குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "அருந்தவன் அங்க பிள்ளையளோட இருக்கிறான். அனுப்பினா அது எங்க போய் முடியும் எண்டு யோசிச்சனீரே?"

"எட்டு மாதமா அதைத்தான் யோசிச்சனானப்பா. வேற ஒண்டும் யோசிக்கேல்லை."

படத்தை அனுப்பினாள். கீழே ஒரு சொல் எழுதினாள்.

இருக்கு.

புத்தளத்தில் அப்போது காலை பதினொன்றரை. செய்திக்குப் பக்கத்தில் பார்த்ததற்கான அடையாளம் உடனே விழுந்தது. கீழே ஏதோ எழுதுவதுபோல் புள்ளிகள் ஓடின. நின்றன. திரும்ப ஓடின. பிறகு எழுத்து வரவில்லை. மணி அடித்தது.

வெட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள்.

"பௌசியா" என்றாள்.

அந்தப் பக்கத்தில் அழுகையில்லை, கோபமுமில்லை. முப்பத்தைந்து வருடத்தில் கொஞ்சம் கரகரத்திருந்த குரல், நேற்று விட்ட பேச்சைத் தொடர்வதுபோல் சொன்னது.

"மலரு, அண்டைக்கு உம்மா கூப்பிடக்குள்ள நீ ஜன்னல் சீலைக்குப் பின்னால நிண்ட. உன்ட கால் தெரிஞ்சது. நான் உம்மாட்டச் சொல்லல்ல."